சாயங்காலப் பால்

அவர் எனக்கு எழுதிய முதல் மெயிலிலேயே விடை இருந்தது. படித்தேன். படித்துவிட்டு, இதுபோன்ற புகார்களுக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த பதில்களில் மூன்றாவதை எடுத்து ஒட்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் கதையின் ஓட்டத்தில் இது சின்ன விஷயமாகிவிடும்.

2016 ஜனவரி 28 அன்று, பார்ஸ் என்ற சேவையை ஓராண்டில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மொபைல் ஆப் எழுதுகிறவர்களுக்கு பார்ஸ் பெரிய உபகாரம். ஆப் எழுதத் தெரிந்தால் போதும். சர்வர் வைத்து மேய்க்கத் தெரிய வேண்டியதில்லை. டேட்டாவைச் சேமிப்பது, லாகின், நோட்டிஃபிகேஷன் என்று பின்கட்டு வேலை முழுவதையும் அது பார்த்துக்கொள்ளும். 2013இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. மூன்றே ஆண்டுகளில் போதும் என்று முடிவு செய்துவிட்டது. பெருங்குடியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அடுத்து என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, எதிர்த்த ஓட்டலில் அடுப்பு அணைந்த மாதிரி இருந்தது அந்தச் செய்தி. அதே பண்டத்தை இங்கே, இந்தியச் சிறு டெவலப்பர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில், மெதுவான நெட்டுக்கு ஏற்ற மாதிரி நாம் போடுவோம் என்று இறங்கினோம். பதினான்கு பேர். பிளாட்ஃபார்முக்கு நான் பொறுப்பு.

முதலீட்டாளர்களிடம் காட்டிய முதல் ஸ்லைடில் பார்ஸின் பெயரைப் போட்டு, மேலே சிவப்புக் கோடு கிழித்திருந்தேன். ‘டெவலப்பர்களை நட்டாற்றில் விட்டவர்கள்’ என்று கீழே ஒரு வரி. அந்த ஸ்லைடு கடைசியில் மறுபடி வரும்.

ஆகஸ்டில் கடையைத் திறந்தோம். செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. நாங்கள் எந்த சாமர்த்தியமும் காட்டாமலேயே வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அதுவரை நோட்டுப் போட்டுக் கணக்கெழுதியவர்கள், கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் எல்லாரும் திடீரென்று போனில் கணக்கு வைத்தாக வேண்டும் என்று அலைந்தார்கள். அவர்களுக்கு ஆப் எழுதிக் கொடுக்க ஊருக்கு ஒரு பையன் இருந்தான். அந்தப் பையன்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

நான் சொல்ல வந்தவர் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஒற்றை ஆள் கம்பெனி. தனியார் பால் நிறுவனம் ஒன்றின் 26 கொள்முதல் நிலையங்களுக்கு ஆப் செய்து கொடுத்திருந்தார். பணமதிப்பிழப்புக்குப் பிறகு அந்த நிறுவனம் பால் ஊற்றுகிறவர்களுக்கு வங்கிக் கணக்கில் பட்டுவாடா செய்யத் தொடங்கியது. அதனால் ஒவ்வொரு தூக்குப் பாலுக்கும் கணினியில் கணக்கு தேவைப்பட்டது. நிலையத்துக்கு மாதம் 300 ரூபாய் அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்து எங்களுக்கு 999 ரூபாய் கட்டினார். எங்களுக்கு அவர் வாடிக்கையாளர், அவருக்குப் பால் நிறுவனம் வாடிக்கையாளர், அதற்கும் கீழே பால் கொண்டுவருகிற பெண்கள். பிளாட்ஃபார்ம் கட்டுகிறவனுக்கு அந்தக் கடைசி ஆள் கண்ணில் படுவதே இல்லை. இது சாக்கு அல்ல. அந்தத் தூரம் எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

2017 மார்ச் இரண்டாம் வாரம் அந்த மெயில் வந்தது. எங்களில் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு வாரம் டெவலப்பர் சப்போர்ட் பார்ப்போம். அது என் வாரம். பாதி ஆங்கிலமும் பாதி ஆங்கில எழுத்தில் தமிழுமாக எழுதியிருந்தார். சாரம் இதுதான்: காலைப் பால் கணக்கு சரியாக வருகிறது. சாயங்காலப் பாலில் மட்டும் தினமும் மூன்று நான்கு பேர் விட்டுப்போகிறார்கள். ஸ்லிப் அவர்கள் கையில் இருக்கிறது, டேபிளில் வரி இல்லை.

காலையில் சரி, சாயங்காலம் தவறு. தினமும். இதைவிடத் தெளிவாக ஒரு துப்பு எந்த இன்ஜினியருக்கும் கிடைக்காது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: சாயங்காலம் நாங்கள் என்ன செய்கிறோம்? நான் ஒட்டிய மூன்றாவது பதில், பயனாளர் இருக்கும் இடத்தில் நெட்வொர்க் நிலையைச் சரிபார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டது.

அவர் சளைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது, நாற்பது செகண்ட். டியூப்லைட் வெளிச்சம். ஒரு மேஜை, அதன் மேல் பால் அனலைசர். ஒரு அம்மா எவர்சில்வர் தூக்கிலிருந்து ஊற்றுகிறார். கொழுப்பு, எஸ்.என்.எஃப். எண்கள் வருகின்றன. நிலையத்துப் பையன் போனில் உறுப்பினர் எண், லிட்டர் எல்லாம் தட்டுகிறான். பச்சை டிக் விழுகிறது. கைக்கடக்கமான பிரின்டர் சர்ரென்று ஒரு ஸ்லிப் கக்குகிறது. ஸ்லிப்பைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டுகிறார்கள்: வரிசை எண் 47, நாலு லிட்டர் இருநூறு. ‘இந்த 47தான் சார் உங்க டேபிள்ல இல்லை’ என்று கீழே ஒரு வரி.

நான் அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். பார்த்துவிட்டு எழுதினேன்: ‘பச்சை டிக் வருகிறது பாருங்கள். எங்கள் சர்வர் பெற்றுக்கொண்டது என்று அதற்குப் பொருள். அதன் பிறகு உங்கள் ஆப் ஏதாவது அழிக்கிறதா என்று பாருங்கள்.’

அந்தப் பச்சை டிக்கைப் பற்றி விளக்கியாக வேண்டும், ஏனென்றால் என் குற்றம் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் எஸ்.டி.கே., அதாவது டெவலப்பர் தன் ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் எங்கள் நிரல் தொகுப்பு, போனிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு பதிவையும் போனிலேயே ஒரு நிலுவைப் பட்டியலில் வைத்திருக்கும். சர்வர் ‘வந்தது’ என்று சொன்ன பிறகுதான் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு டிக் போடும். கிராமத்தில் நெட் போனால் பதிவு போனிலேயே காத்திருக்கும். நெட் வந்ததும் போகும். மெதுவான நெட்டுக்கு ஏற்ற பிளாட்ஃபார்ம் என்று நாங்கள் மார்தட்டியது இந்த ஏற்பாட்டை வைத்துத்தான். ஆகவே, நெட்வொர்க்கால் பதிவு தொலைய வழியே இல்லை. அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவனே நான்தான். நெட்வொர்க்கைப் பாருங்கள் என்று அவருக்கு எழுதியவனும் நான்தான்.

அப்படியானால் எங்கே தொலைந்தது? சர்வர் ‘வந்தது’ என்று சொல்வதற்கும் டேட்டாபேஸில் உண்மையாகவே எழுதுவதற்கும் நடுவில். வந்த பதிவை உடனே டேட்டாபேஸில் எழுதினால் நேரம் பிடிக்கிறது. அதனால் சர்வரின் நினைவகத்தில் ஒரு வரிசையில் போட்டு வைத்துவிட்டு, உடனே ‘வந்தது’ என்று பதில் சொல்லிவிடுவோம். ஐந்து செகண்டுக்கு ஒருமுறை வரிசையில் சேர்ந்ததை மொத்தமாக அள்ளி டேட்டாபேஸில் கொட்டுவோம். இப்படிச் செய்ததால் எங்கள் சர்வரின் பதில் நேரம் நாற்பது மில்லிசெகண்டுக்கு வந்தது. அந்த நாற்பதை நான் எங்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஒரு மீட்டப்பில் மேடையேறிச் சொன்னேன். கைதட்டினார்கள்.

எழுதி முடிப்பதற்கு முன்னால் எழுதியாயிற்று என்று சொல்வது எத்தகைய காரியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மோங்கோடிபி என்ற டேட்டாபேஸின் டிரைவர்கள் ஆரம்ப காலத்தில், எழுதியாயிற்றா என்று உறுதி கேட்காமலே அடுத்த வேலைக்குப் போகும் வழக்கத்தை இயல்பாக வைத்திருந்தன. 2012 நவம்பரில்தான் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பத்து வருஷம் முன்பு பேப்பர் கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது புத்தகத்தில் அப்புறம் எழுதுகிறேன் என்றபோது சண்டை போட்டவனும்கூட.

இனி சாயங்காலத்துக்கு வருகிறேன். நாங்கள் வாரத்தில் ஆறு நாள், மாலை ஆறு பத்துக்குப் புதிய நிரலை சர்வரில் ஏற்றுவோம். பகலில் வேலை, ஐந்து மணிக்குச் சரிபார்ப்பு, ஆறு மணிக்கு ஏற்றம். ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ராத்திரி இருக்கிறது. எங்கள் டேஷ்போர்டைத் திறந்து பார்க்கிற அலுவலகங்கள் ஆறு மணிக்கு மூடிவிடும், ஆகவே அப்போது யாருக்கும் தொந்தரவில்லை என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆறு மணிக்குத்தான் கறவை முடிந்து தூக்கோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள் என்பது பெருங்குடியில் யாருக்கும் தோன்றவில்லை. என் பாட்டி வீட்டில் இரண்டு எருமை இருந்தது. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

புதிய நிரலை ஏற்றும்போது பழைய சர்வர் நிரலை நிறுத்துவார்கள். நாங்கள் பயன்படுத்திய டாக்கர், நிறுத்துவதற்கு முன் ஒரு சமிக்ஞை அனுப்பும்: ‘மூடப்போகிறேன், கையில் இருப்பதை முடித்துக்கொள்.’ பத்து செகண்ட் பொறுக்கும். அதற்குள் தானாக முடியவில்லை என்றால் கழுத்தைப் பிடித்து அணைத்துவிடும். அந்தச் சமிக்ஞை எங்கள் நிரலுக்குப் போய்ச் சேரவே இல்லை. காரணம் அற்பத்திலும் அற்பம். டாக்கர் கோப்பில் நிரலை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் வரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். நான் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் டாக்கர் நடுவில் ஒரு ஷெல்லை உட்கார்த்தி, அதன் வழியாக நிரலைத் தொடங்கும். சமிக்ஞை அந்த ஷெல்லுக்குப் போகும். ஷெல் அதை உள்ளே சொல்லாது. மெயின் கேட்டில் தபாலை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சொல்லாத வாட்ச்மேன் மாதிரி. எங்கள் நிரல் எதுவும் தெரியாமல் பத்து செகண்டும் பால் கணக்கை வாங்கி வாங்கி ‘வந்தது, வந்தது’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு பட்டென்று உயிர் போகும். கடைசியாக அள்ளிக் கொட்டியதற்குப் பிறகு வந்த சில செகண்ட் பதிவுகள், எந்தத் தடயமும் இல்லாமல், போய்விடும். போனோ பச்சை டிக்கைப் பார்த்துத் தன் நகலை அழித்திருக்கும்.

சாயங்காலம் ஒரு நிலையத்துக்கு நூறு பேர் வருவார்கள் என்று வையுங்கள். 26 நிலையம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து செகண்டில் மூன்று நான்கு பேர். அவர் சொன்ன அதே மூன்று நான்கு பேர். கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு. நான் அதை மார்ச்சில் போடவில்லை.

ஏப்ரலில் அவர் போன் செய்யத் தொடங்கினார். மெயிலில் ‘சார்’ என்று இருந்தது போனில் ‘ங்கண்ணா’ ஆனது.

“அண்ணா, போன்ல சேமிக்கறதை மொத்தமா மாத்தி எழுதிட்டனுங்க. எஸ்க்யூலைட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். அப்புறமும் சாயங்காலத்துல போகுதுங்களே.”

“பிரின்டர் லைப்ரரில எங்கயாவது சிக்குதான்னு பாருங்க ப்ரோ.”

“செரிங்கண்ணா, அதையும் பாத்தர்றேன்.”

பார்த்தார். அது ஒரு வாரம். பிறகு நான்கு நாள் சாயங்காலம் ஒரு நிலையத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறார். 26இல் ஒன்றுதானே, அவர் உட்கார்ந்திருந்த நிலையத்தில் அந்த நாலு நாளும் எதுவும் தவறவில்லை. “நான் உக்காந்தா போகமாட்டேங்குதுங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நிலையத்துப் பையன்கள் சரியாகத் தட்டுவதில்லை போலிருக்கிறது என்று ஒரு யோசனையும் சொன்னேன். அதை நம்பி அவர் யாரிடமாவது கோபித்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1999இல் வந்த ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ என்ற புத்தகத்தில்கூட அது வரும்: ஏதாவது கோளாறு என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தையோ கம்பைலரையோ சந்தேகிக்காதே, முதலில் உன் நிரலைச் சந்தேகி. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எங்கள் தொழிலில் அடக்கம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஆனால் பிளாட்ஃபார்ம் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த அடக்கம் இலவசமாகக் கிடைக்கிற கேடயம். எதிரில் இருப்பவர் தன்னையே சந்தேகிக்கப் பழகியவர் என்று தெரிந்தால், நாம் எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ‘உங்கள் கோடைப் பாருங்கள்’ என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் உண்மையிலேயே போய்ப் பார்ப்பார். அவருடைய கோடில் எப்போதும் ஏதாவது ஒரு தப்பு இருக்கும், எல்லார் கோடிலும் இருப்பதுபோல. அதைத் திருத்திவிட்டு, நன்றி வேறு சொல்வார்.

முதல் பத்து நாள் பட்டுவாடாவில் ஸ்லிப்போடு வந்து நின்ற பெண்களுக்கு, விட்டுப்போன தொகையை அவரே கொடுத்தார். மூவாயிரத்துச் சொச்சம். ஒரு தூக்குப் பால் அன்றைய விலையில் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின். அவருக்கு மாதம் வருகிற மொத்தப் பணம் 7,800 ரூபாய். அப்புறம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். முதலில் நோட்டில் எழுது, பிறகு போனில் தட்டு. பட்டுவாடா அன்று நோட்டைப் பார்த்துத் தொகையைக் கையால் திருத்திக்கொள்வார்கள். நோட்டை ஒழிக்க வந்த ஆப்புக்குத் துணையாக நோட்டு வந்தது. இதையும் போனில் அவர்தான் சொன்னார், ஏதோ சாமர்த்தியமான ஏற்பாடு மாதிரி.

மே மாதக் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கல்லூரி முடித்து வந்து நாலு மாதமான ஒரு பெண், சர்வர் வாங்கிய பதிவுகளுக்கும் டேட்டாபேஸில் எழுதிய பதிவுகளுக்கும் ஒரு கிராஃப் போட்டிருந்தாள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போக வேண்டும். போயின. ஆனால் தினமும் ஒரு இடத்தில் மயிரிழை விலகியது.

“அண்ணா, நான்தான் கவுன்ட்டரைத் தப்பாப் போட்டுட்டேன்னு நினைக்கிறேன். டெய்லி ஆறு பத்துக்கு விலகுது பாருங்க.”

ஆறு பத்து. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த ‘சாயங்காலப் பால்’ என்ற சொல் அப்போதுதான் உள்ளே இறங்கியது. உள்ளங்கை வேர்த்தது நினைவிருக்கிறது. வாய் மட்டும் நிதானமாகப் பேசியது.

“டெப்ளாய் பண்ணும்போது கவுன்ட்டர் ரீசெட் ஆகும்ல, அதனால. விடு.”

நல்ல பொய்க்கு ஒரு லட்சணம் உண்டு, பாதி உண்மையாக இருக்க வேண்டும். சர்வர் மறுபடி தொடங்கினால் கவுன்ட்டர்கள் பூஜ்யத்துக்கு வருவது உண்மைதான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். தன்னைத்தான் முதலில் சந்தேகித்திருந்தாள், அவளும்.

அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து சரிசெய்தேன். இரண்டு சதுர அடைப்புக்குறி, நாலு மேற்கோள் குறி. சமிக்ஞை வந்தால் புதிதாக எதையும் வாங்காமல் வரிசையைக் கொட்டிவிட்டு அணையும்படி ஒரு இருபது வரி. பிறகு, டிஸ்க்கில் எழுதாமல் ‘வந்தது’ என்று சொல்லக் கூடாது என்று இன்னொரு மாற்றம். நாற்பது மில்லிசெகண்ட் நூற்றுப் பத்தாகிவிட்டது. மொத்தம் மூன்று மணி நேர வேலை. மாற்றத்துக்கான குறிப்பில் ‘க்ளீனப்’ என்று எழுதினேன். மறுநாள் காலை அந்தப் பெண் தன் திரையில் அந்த மாற்றத்தைத் திறந்து வைத்திருந்ததை, காபி எடுத்துக்கொண்டு போகும்போது பார்த்தேன். அவள் என்னைக் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

இதே தொழிலில் மற்றவர்கள் எப்படி இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், இதையும் எழுதுகிறேன். விண்டோஸ் 95 பற்றி நிரலாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதிய ஒரு சம்பவம் உண்டு. சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு தப்பு: இனி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தையே, கொடுத்த கையோடு மறுபடி படித்துக்கொண்டிருந்தது. பழைய சிஸ்டத்தில் அந்த இடம் அப்படியே கிடந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை. புதிய விண்டோஸில் விளையாட்டு விழுந்தது. தப்பு நூற்றுக்கு நூறு விளையாட்டை எழுதியவர்களுடையது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் அதைச் சொல்லிக் கைகழுவவில்லை. சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தைத் திருப்பி வாங்கும் முறையையே மாற்றிக்கொள்ளும்படி விண்டோஸுக்குள் தனி நிரல் எழுதினார்கள். லினக்ஸிலும் அப்படித்தான். 2012 டிசம்பரில் அதன் மைய நிரலான கெர்னலின் பராமரிப்பாளர் ஒருவர், கோளாறுக்கு ஆப்தான் காரணம் என்று எழுதப்போய், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொதுவெளியிலேயே அவரை வறுத்தெடுத்தார். கெர்னலில் செய்த மாற்றத்தால் ஆப் உடைந்தால் அது கெர்னலின் தப்பு, ஆப்பைக் குறைசொல்லும் பேச்சே கூடாது என்பது அவர் கட்சி. அவர் பேசிய தொனி எனக்குப் பிடிக்காது. கட்சி சரி. மீட்டப் பேச்சில் இந்த இரண்டு கதைகளையும் நான் சொல்லியிருக்கிறேன், அந்த நாற்பது மில்லிசெகண்டுக்குப் பக்கத்திலேயே. அவர்கள் அடுத்தவர் தப்பைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள். என் கையில் இருந்தது என்னுடைய தப்பு.

கோபிக்காரருக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொல்லாதே என்று யாரும் என்னை நெருக்கவில்லை. முதலீட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் 999 ரூபாய் கட்டும் ஒருவருக்கு மன்னிப்புக் கடிதம் போனால் அந்தப் பேச்சு நின்றிருக்காது. முதலாளிக்கு இந்த விஷயமே தெரியாது. நான் வடிவமைத்த வரிசை, நான் விட்ட அடைப்புக்குறி, நான் மேடையில் சொன்ன எண். அது மட்டும்தான் காரணம். சொல்லியிருந்தால் அவர் ‘பரவாயில்லீங்கண்ணா’ என்றிருப்பார் என்றும் தெரியும். அந்தப் ‘பரவாயில்லீங்க’வைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே இப்படிச் செய்தேன். எங்கள் எஸ்.டி.கே.யின் பதிப்பு எண்ணை 1.4.2இலிருந்து 1.4.3 ஆக மாற்றினேன். உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறது, நம்பகத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது, ஆப்பில் சேர்த்துப் பாருங்கள் என்று அவருக்கு எழுதினேன். அவர் 26 நிலையத்துக்கும் பைக்கில் போய் ஒவ்வொரு போனிலும் புதிய ஆப்பை ஏற்றிவிட்டு வந்தார். இரண்டு நாள் ஆனதாம். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது:

‘சார், சூப்பர். புது எஸ்.டி.கே. போட்டதுல இருந்து ஒண்ணுகூட மிஸ் ஆகலை. பழைய வெர்ஷன்லயே இருந்தது என் தப்புதான். மூணு மாசமா உங்க டைமை வேஸ்ட் பண்ணிட்டேன். சாரி சார்.’

‘நோ இஷ்யூஸ் ப்ரோ’ என்று பதில் போட்டேன். கட்டைவிரல் படமும் போட்டேன்.

அந்த ஆண்டுக் கடைசியில் எங்கள் மார்க்கெட்டிங் ஆட்கள் வாடிக்கையாளர் கதைகள் கேட்டபோது, அவரே முன்வந்து நாலு வரி எழுதிக் கொடுத்தார். சப்போர்ட் அருமை, எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள் என்று. பால் கேன்களுக்கு முன்னால் நின்று எடுத்த ஒரு படமும் அனுப்பினார். வெளியிடுவதற்கு முன் என் ஒப்புதலுக்கு வந்தது. ஒப்புதல் கொடுத்தேன்.

2018இல் கடையை மூடினோம். பெரிய கதையெல்லாம் இல்லை. கூகுள் தன்னுடைய ஃபயர்பேஸில் நாங்கள் காசுக்கு விற்றதில் பாதிக்குமேல் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. முதலீட்டுப் பேச்சும் எங்கும் போய்ச் சேரவில்லை. டெவலப்பர்களுக்கு தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்தோம். நாங்கள் ஸ்லைடில் சிவப்புக் கோடு கிழித்த பார்ஸ் ஓராண்டு கொடுத்தது. அதோடு, அவரவர் சொந்த சர்வரில் ஓட்டிக்கொள்ளும்படி பார்ஸ் சர்வரைத் திறமூல நிரலாக வெளியிட்டுவிட்டும் போனது. நாங்கள் எதையும் வெளியிடவில்லை. வெளியிட்டால் ஆட்கள் படித்துப் பார்ப்பார்கள் என்று கூட்டத்தில் நான் சொன்னேன். பாதுகாப்புக் காரணம் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

கடைசி வேலையாக, ஒவ்வொருவருடைய டேட்டாவையும் கோப்பாக எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அவருடைய டேபிளை நானே எடுத்தேன். ஒவ்வொரு நிலையத்துப் போனும் ஒவ்வொரு வேளைக்கும் 1 முதல் வரிசை எண் போடும். ஸ்லிப்பில் வருவது அந்த எண்தான். ஆகவே எண்ணுவது சுலபம். மார்ச்சிலிருந்து மே வரை, சாயங்கால வேளைகளில் மட்டும், 217 இடங்களில் எண் தாவியிருந்தது. 46க்கு அடுத்து 48. 12க்கு அடுத்து 14. காலை வேளைகளில் ஒரு தாவல்கூட இல்லை.

அன்றே அவரிடமிருந்து மெயில். மூடுவது வருத்தமாக இருக்கிறது, வேறு இடத்துக்கு மாற்றத் தொடங்கிவிட்டேன், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அங்கேயே வந்துவிடுகிறேன் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வி: ‘டேட்டா எல்லாம் முழுசா வந்துடும்ங்களா சார்?’

அந்த 217ஐ எண்ணிய ஜன்னலை மூடாமலே, பக்கத்து ஜன்னலில் பதில் எழுதினேன். முழுசாக வந்துவிடும் என்று.